மண் சுமந்த படலத்தில் பங்கீட்டு அறம்

நாயக்கர் காலத்தை ஒட்டியதாகக் கருதப்படும் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 61ஆவதாக அமைவது மண் சுமந்த படலம். இறைவனின் எளிவந்த தன்மைக்குச் சான்றாகவே இது பெரிதும் வாசிக்கப்படுகிறது. பொதுச்சுமையைச் சமூகம் எவ்வாறு பங்கிடுகிறது என்னும் அறவினாவும் இதன் கதையமைப்பில் பொதிந்துள்ளது.

வையை பெருகிக் கரையை உடைக்கிறது. கரையை அடைக்கும் பணி ஊராருக்குப் பங்கிட்டு அளந்துவிடப்படுகிறது. பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக்கும் ஒரு பங்கு விழுகிறது. அவளோ முதியவள், துணையற்றவள், ஆள் அமர்த்தப் பொருளற்றவள். அரசாணை எவரையும் விலக்கவில்லை. அந்தப் பொதுமையே அவளுக்கு அநீதியாகிறது.

பிட்டைக் கூலியாகப் பெற்று வரும் இறைவன் வேலை செய்யாது ஆடியும் உறங்கியும் பொழுது கழிக்கிறான். பாண்டியன் ஓங்கிய பிரம்படி அவனையும் சேர்த்து எல்லா உயிர்கள்மேலும் படுகிறது. அடி அனைவர்க்கும் பொதுவாகிறது. ஆனால், வலுவுக்கேற்பச் சுமை பகிரப்படவில்லை. இறுதியில் வந்தி சிவலோகம் அடைகிறாள். அவளுக்குக் கிட்டியது அருளேயன்றி உரிமை அன்று.

இத்தகைய பிரிவினை ஐரோப்பிய அறவியலிலும் காணப்படுகிறது. போர், அமைதி ஆகியவற்றின் சட்டம் குறித்து 1625இல் வெளியிட்ட நூலில் ஹியூகோ குரோஷியஸ், வழக்காடிப் பெறத்தக்க உரிமையையும் தகுதி நோக்கி வழங்கும் அறத்தையும் வேறுபடுத்தினார். எனினும், உயிர் காக்கும் இக்கட்டில் பிறர் பொருளைப் பயன்படுத்துவது களவன்று என்றும் அவர் ஏற்றார். ஒவ்வொருவரும் தம் ஆற்றலுக்கேற்ப வரி செலுத்தவேண்டும் என்று ஆடம் ஸ்மித் 1776இல் வகுத்தார். வந்திக்கு மறுக்கப்பட்டது இந்த அளவுகோலே.

புராணத்தில் வரிக்கொள்கையைத் தேடுவது பொருந்தாது என மறுக்கலாம். ஆயின், பங்கு அளந்ததையும் வந்தியின் கையறுநிலையையும் அடுத்தடுத்து நிறுத்தியவர் புலவரே. நோயைக் காட்டிய அவர், மருந்தை மறுமையில் வைத்தார் என்பதே இப்படலத்தின் வலிமையும் வரம்பும் ஆகும்.

வையையின் வடகரையில், திருவாப்புடையார் கோயிலும் நெசவாளர் குடியிருப்புகளும் கொண்ட செல்லூரில் இவ்வினா இன்றும் பழையதாகிவிடவில்லை. 2024 அக்டோபர் மழையில் அப்பகுதித் தெருக்களை வெள்ளம் சூழ்ந்தது. தெருவில் நீர்மட்டம் ஒன்றாயினும் இழப்பு ஒன்றன்று. தறி நின்றால் நாட்கூலி நிற்கும், மாதச் சம்பளம் நிற்பதில்லை. எல்லார்க்கும் ஒரே அளவில் பங்கிடும் நிவாரணமும் வந்தியின் பங்கை அளந்த அதே கோலால் அளப்பதேயாகும்.