கோட்டுக்குள் அடங்காத காணி

இந்திய நில அளவையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வில்லியம் லாம்டனிடமிருந்தே தொடங்குகிறார்கள். 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அவர் அளக்கத் தொடங்கினார். 100 அடி எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் நீட்டிக் கிடத்தி, வெயிலில் அது எவ்வளவு நீள்கிறது என்று பார்க்க வெப்பமானிகளையும் பக்கத்தில் வைத்து அளந்தார்கள். 1808-இல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைத் தஞ்சைப் பெரிய கோயிலில் மேலேற்றும்போது கயிறு அறுந்து அது சுவரில் மோதியதும், வாரக்கணக்கில் உட்கார்ந்து லாம்டனே அதைச் சீராக்கியதும் படிக்கச் சுவையானவை. அந்தச் சுவையே நம் கண்ணை மறைத்தும் விடுகிறது. ஓர் ஊரின்மீது கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி எப்படி வந்து இறங்கியது என்று கேட்டால் அந்த அடிக்கோட்டிலிருந்து விரிந்த மாபெரும் முக்கோணங்கள் தரும் பதில் சொற்பம்தான். அவற்றைக் கொண்டு யாரும் கிஸ்தி வசூலித்ததில்லை. கிஸ்தியை நிர்ணயித்தது பின்னால் வந்த வயல்வாரி சர்வே. ஆகவே குடியானவனின் வாழ்வில் கனத்து உட்கார்ந்த காலனிய வரைபடம் கிராமத்துப் புலப்படம்தான். அது எந்த உரிமைகளை ஓரங்கட்டிவிட்டு வரையப்பட்டதோ, அந்த உரிமைகளின் கணக்கோடு சேர்த்துப் படித்தால்தான் அது வரலாற்றுச் சான்றாகும்.

இந்தத் துறையில் எழுதப்பட்டவை குறைவில்லை. 1945 முதல் 1958 வரை நான்கு தொகுதிகளாக வெளிவந்த ஃபில்லிமோரின் இந்திய சர்வே ஆவணத் தொகுப்பு, அலுவலகத்தின் உள்ளிருந்தே எழுதிய வரலாறு. தகவல்களில் அதற்கு நிகரில்லை. அளக்கப்பட்டவர்களின் குரலைத் தேடினால்தான் கிடைக்காது. வரைபடம் அதிகாரத்தின் பேச்சு என்று 1989-இல் ஜே.பி. ஹார்லி வாதிட்ட பிறகு காற்று திசை மாறியது. மாத்யூ எட்னி 1997-இல் வெளியிட்ட நூலில் அந்த வாதத்தை இந்தியாவில் வைத்துச் சோதித்தார். பிழையற்ற அறிவியல் அளவை என்பது ஆங்கிலேயர் தங்களைப் பற்றியே வளர்த்துக்கொண்ட கனவு, களத்தில் நடந்ததோ சமரசமும் பணத்தட்டுப்பாடும் என்று அவர் காட்டியதை இன்றுவரை யாரும் அசைக்கவில்லை. கபில் ராஜ் இன்னொரு பக்கத்தைத் திறந்தார்: இந்த அறிவு ஐரோப்பாவிலிருந்து மூட்டைகட்டி வந்ததல்ல, இங்குள்ளோரின் அறிவும் கலந்து உருவானது என்றார். ஆங்கிலேய நில அளவையர் ஜேம்ஸ் ரென்னலே குஜராத் பகுதிக்குச் சதானந்தர் என்ற பிராமணரின் வரைபடத்தைப் பயன்படுத்தியதாக எழுதியிருக்கிறார். எல்லாம் சரி. ஆனால் இவர்களில் பெரும்பாலோரின் பார்வை சர்வேயர் ஜெனரலின் மேசையை விட்டு நகரவில்லை. தாசில் கச்சேரி வரை இறங்கி வரவில்லை.

இறங்கிப் பார்க்கச் செங்கல்பட்டைவிடத் தோதான இடமில்லை. ஆர்க்காட்டு நவாப் முகமது அலி 1763-இல் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்த சீமை அது. 1767 முதல் 1774 வரை அதை அளந்தவர் தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர். அவர் வேலை வரைபடத்தோடு நின்றுவிடவில்லை. ஏறத்தாழ 2,000 ஊர்களுக்கு வீடுகளின் எண்ணிக்கை சாதிவாரியாகவும், நஞ்சை, புஞ்சை, ஏரி, தோப்பு எவ்வளவு என்றும் கணக்கு எழுதப்பட்டது. களத்தில் நெல் அளக்கும்போது கோயிலுக்கும் கணக்குப்பிள்ளைக்கும் தச்சருக்கும் வண்ணாருக்கும் வெட்டியானுக்கும் எவ்வளவு போகவேண்டும் என்ற பங்குகளும் அதில் உண்டு. இதற்கு அடித்தளமாக இருந்தவை ஊர்க் கணக்குப்பிள்ளைகள் தமிழில் எழுதிய ஓலைகள். அதாவது ஒரு வயலின் விளைச்சல்மீது பலருக்குக் கை இருந்தது. போதாக்குறைக்குக் கரையீடு என்ற வழக்கமும் சில ஊர்களில் இருந்தது. காணியாட்சிக்காரர்கள் நிலத்தைப் பங்கு பங்காக வைத்துக்கொண்டு, குறித்த காலத்துக்கு ஒருமுறை யாருக்கு எந்த வயல் என்று மாற்றிப் பிரித்துக்கொள்வார்கள். மிராசு உரிமை என்றும் சொல்லப்பட்ட இந்தக் காணியாட்சி பற்றி அரசு கேட்ட 17 கேள்விகளுக்குக் கம்பெனி அதிகாரி எஃப்.டபிள்யூ. எல்லிஸ் எழுதி 1818-இல் அச்சான பதில்களைப் படித்தால் இந்தச் சிக்கலின் ஆழம் தெரியும். நிலம் ஓரிடத்தில் இருக்க, உரியவர் மாறிக்கொண்டே இருக்கும் ஊரை எந்தப் படத்தில் வரைவது? 1858-இல் தொடங்கிய சென்னை மாகாண ரெவின்யூ சர்வே அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டது. ஒரு புலத்துக்கு ஓர் எண், எல்லையில் கல், பதிவேட்டில் பட்டாதாரர் பெயர். மேய்ச்சல் தரையும் களத்துமேடும் சுடுகாடும் புறம்போக்கு என்று சர்க்காரின் கணக்கில் போயின. களத்துமேட்டில் நெல்லாக இருந்த பங்குகளுக்குப் புலப்படத்தில் இடமே இல்லை.

அளப்பதும் வரி போடுவதும் வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததா என்று கேட்கலாம். இல்லைதான். முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் வேலியை நுண்ணிய பின்னங்களாகப் பகுத்து இறைகட்டுகின்றன. ஆனால் சோழர் செப்பேடுகள் எல்லையைச் சொற்களால் சொல்கின்றன. பிடி (பெண்யானை) சூழ்ந்து, நாட்டார் உடனிருந்து, இன்ன வாய்க்காலுக்கு மேற்கு, இன்ன புற்றுக்குத் தெற்கு என்று போகும் அந்த விவரணையை ஊர்க்காரர் துணையில்லாமல் நிலத்தில் பொருத்த முடியாது. புலப்படம் அந்தத் துணையின் தேவையைக் குறைத்தது. சென்னையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி ஊரைப் பார்க்காமலே தகராறைத் தீர்க்கலாம் என்று ஆனதுதான் புதிது. நடைமுறையில் கணக்குப்பிள்ளையின் பேனாவுக்கு அதிகாரம் குறையவில்லை என்பதும் உண்மை. பவானி ராமனின் 2012 நூல் அந்தக் காகித அரசை நன்றாகக் காட்டுகிறது. ஆனால் கணக்குப்பிள்ளை இனி எழுதவேண்டியிருந்தது சர்க்காரின் படிவத்தில்.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு: காணியாட்சி என்ன சமத்துவத் தோட்டமா? சுத்தமாக இல்லை. பங்குக்காரர்களாக இருந்தவர்கள் வேளாளரும் பிராமணரும். படியாளாகக் கிடந்த பறையருக்குக் களத்தில் கிடைத்த நெல் உரிமையின் பெயரால் வந்தாலும், நிலம் கேட்டால் மிராசுதார் குறுக்கே நின்றார். செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கை அதைப் பச்சையாகச் சொன்னது. அடுத்த ஆண்டே ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலங்களைக் கைமாற்றிக்கொண்டவர்களிடமிருந்து மீட்க இன்று போராடுகிறவர்கள் தேடுவது பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் சர்வே எண்ணையும்தான். பங்கை அழித்த அதே கோடு, பங்கே இல்லாதவனுக்குச் சாட்சியாகவும் நிற்கிறது. பழைய ஊர்ச்சமுதாயத்தை நினைத்துப் பெருமூச்சு விடும் காலனிய எதிர்ப்பு எழுத்துகள் இந்த இடத்தை எட்டியதும் வேகமாக நடந்து கடந்துவிடுகின்றன.

சட்டம் வரைபடத்துக்குக் கொடுத்த கனத்தையும் இங்கே கவனிக்கவேண்டும். 1923-ஆம் ஆண்டின் சர்வே மற்றும் எல்லைகள் சட்டம் தமிழ்நாட்டில் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 13-ஆம் பிரிவின்படி, அறிவிக்கை வெளியான பின் சிவில் நீதிமன்றம் மாற்றினாலொழிய சர்வே எல்லையே முடிவான சான்று. நீதிமன்றம் போக அடுத்த பிரிவு தரும் அவகாசம் மூன்றாண்டு. கச்சேரிப் பக்கமே போயிராத குடியானவனுக்கு அது எந்த மூலைக்கு? வரலாற்றாய்வாளர்களும் இந்தப் பிரிவுக்குக் கட்டுப்பட்டவர்கள் போலவே பல நேரம் நடந்துகொள்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டுப் புலப்படத்தை எடுத்து, அதற்கு முந்தைய ஊரும் அப்படித்தான் இருந்தது என்று வைத்துக்கொள்கிறார்கள். மாற்றுச் சான்று இல்லாமல் இல்லை. பர்னார்டு கால ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன, ஆங்கிலச் சுருக்கங்கள் சென்னை ஆவணக்காப்பகத்தில். சென்னைக் கொள்கை ஆய்வு மையம் 2001-இல் திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய இரண்டு ஊர்களின் கணக்கைப் பதிப்பித்தது. அந்தக் கணக்கை அதே ஊர்களின் புலப்படத்தோடு வயல் வயலாகப் பொருத்தி, 1774-இல் களத்தில் பங்கு வாங்கிய கைகளில் எத்தனை பட்டாவில் பெயராக நின்றன என்று எண்ணிப் பார்ப்பதுதான் அடுத்த வேலை.