கடைசி ஐந்து நிமிடத்துக்கு ஆறாயிரம் ரூபாய்: ஓடிஜியில் ஒரு ஜிலேபி மீன்

தேனிப் பக்கம் மீன் என்றால் குழம்பு, இல்லாவிட்டால் வறுவல். அயிரை கிடைத்த அன்றைக்கு வேறு பேச்சே கிடையாது. இந்த ஊர்ச் சமையலறைகளுக்குள் கேக் சுடுவதற்கென்று நுழைந்த ஓடிஜி அடுப்பு, பிள்ளைகளின் ஆர்வம் வடிந்ததும் பெரும்பாலும் பரண் ஏறிவிடுகிறது. அதை இறக்கி வைத்து, வெள்ளைச் சதை மீனை வாழை இலையில் சுற்றி அதில் சுட்டு, ராத்திரிச் சாப்பாட்டை முடிக்க முடியுமா, அதற்காகவே ஒன்றைப் புதிதாக வாங்கலாமா என்பதுதான் இங்கே கேள்வி.

சோதித்தது 25 லிட்டர் கொள்ளளவு, 1,500 வாட் வகை. வெப்பத்துக்கு ஒரு குமிழ், மேல் கம்பியா கீழ்க் கம்பியா இரண்டுமா என்று தேர்ந்தெடுக்க ஒன்று, நேரத்துக்கு ஒன்று. கம்பெனிப் பெயர் வேண்டாம். ஆறாயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் கடைகளில் அடுக்கியிருக்கும் அடுப்புகளில் பெரும்பாலானவை உள்ளே ஏறக்குறைய இதே அமைப்புதான்: மேலே ஹீட்டர் கம்பிகள், கீழே ஹீட்டர் கம்பிகள், சூட்டில் வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ஓர் உலோகப் பட்டை.

முதலில் பிளக். 1,500 வாட் என்றால் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். மிக்ஸி செருகும் 6 ஆம்பியர் பாயின்ட் இதற்குப் போதாது. கிரைண்டருக்கோ கீசருக்கோ போட்ட 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும். பழைய வீடுகளில் அது சமையல்கட்டில் இருக்காது, குளியலறைப் பக்கம்தான் இருக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு இழுக்காதீர்கள், ஒயர் உருகும். எலெக்ட்ரீஷியனை அழைத்துப் புதிதாக ஒரு பாயின்ட் போடும் செலவையும் அடுப்பின் விலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

மின்கட்டணத்தைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. முன்சூட்டோடு சேர்த்து முக்கால் மணி நேரம் ஓடினாலும், சூடு ஏறியபின் கம்பி விட்டுவிட்டுத்தான் எரிகிறது. ஒரு யூனிட்டுக்கு உள்ளேயே மீன் வெந்துவிடும். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்கிற நம் மாநிலக் கணக்கில் வாரம் ஒரு மீன் பெரிய சுமையல்ல.

வோல்டேஜ்தான் சங்கடம். ஹீட்டரின் திறன் வோல்டேஜின் வர்க்கத்தோடு இறங்கும். மாலை வேளையில் 230 இருக்க வேண்டிய இடத்தில் 190 வந்தால், 1,500 வாட் அடுப்பு 1,000 வாட்டைச் சற்றே தாண்டிய அடுப்பாகிவிடும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் ஏற வேண்டிய சூட்டுக்கு இருபது நிமிடம் பிடிக்கும். சமையல் வீடியோவில் சொன்ன நேரத்தை அப்படியே நம்பினால், இலைக்குள் பச்சை மீன்தான் இருக்கும்.

குமிழும் முழு உண்மை பேசுவதில்லை. 200 டிகிரியில் வைத்துவிட்டு உள்ளே தனியாக ஒரு அடுப்புத் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டால், முள் 175க்கும் 180க்கும் நடுவில் நின்றது. கம்பி எரிந்து அணையும்போது மேலும் கீழும் ஆடியது. சில நூறு ரூபாய்க்கு விற்கும் அந்தத் தெர்மாமீட்டரைக் கட்டாயம் வாங்குங்கள். அதுவும் வேண்டாம் என்றால் சீனி இருக்கிறது. சீனி ஏறக்குறைய 186 டிகிரியில் உருகும். ஒரு கரண்டி சீனியைத் தட்டில் பரப்பி, குமிழை 190ல் வைத்துக் கால் மணி நேரம் பாருங்கள். உருகாமல் வெள்ளையாகவே கிடந்தால் உங்கள் அடுப்பின் 190 உண்மையில் அதற்குக் கீழே என்று அர்த்தம்.

இனி மீனுக்கு வருவோம்.

கம்பம் பள்ளத்தாக்குக்குக் கடல் கிடையாது. ராமேஸ்வரத்திலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ ஐஸில் வந்து சேர்வதுதான் விளையும் கொடுவாவும். வந்த மீன் நல்ல மீனாக இருக்கலாம், ஒருநாள் கழிந்த மீனாகவும் இருக்கலாம். குழம்பு வைத்தால் புளியும் மிளகாயும் அதை மூடிவிடும். சுட்டால் மூடாது. சூடான காற்றில் வேகும் வெள்ளை மீனுக்கு மறைய இடமே இல்லை, ஐஸ்பெட்டியில் கிடந்த நேரமெல்லாம் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். அதனால் ஆண்டிபட்டிப் பக்கம் வைகை அணை மீனையே நான் பரிந்துரைப்பேன். 1959ல் திறந்த அணை அது. மீன்வளத் துறையின் குஞ்சு வளர்ப்பும் அங்கே நடக்கிறது. கட்லா, ரோகு, ஜிலேபி மூன்றும் கிடைக்கும்.

மூன்றில் ஜிலேபிதான் அடுப்புக்குத் தோது. கட்லாவும் ரோகுவும் கெண்டை இனம், சதைக்குள் கவை முள் ஓடும். பிள்ளைகளுக்குப் பிய்த்துக் கொடுப்பதற்குள் ஆறிப்போகும். ஜிலேபியில் நடுமுள்ளும் விலா முள்ளும்தான் பெரும்பாலும். வெந்தபின் சதை முதுகோடு தகடாகப் பிரியும். 1952ல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட இந்த ஆப்பிரிக்க மீனை இன்னமும் மட்டமாகப் பார்க்கிற வீடுகள் உண்டு. விலை குறைவு என்பதைத் தவிர அதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை. சரி, சேற்று வாடை என்று ஒன்று இருக்கிறது. நீலப்பச்சைப் பாசி உண்டாக்கும் ஜியோஸ்மின் என்கிற பொருள்தான் அது. புளிப்பு பட்டால் அது உடையும். கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, செவுளையும் வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கறுப்புத் தோலையும் சுத்தமாக எடுத்துவிட்டு, புளித்த மோரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் வாடை பெரும்பாலும் போய்விடும். நம் வீடுகளில் ரசாயனம் படித்தா இதைச் செய்தார்கள்?

அரை கிலோவிலிருந்து அறுநூறு கிராம் வரையுள்ள மீன்தான் 25 லிட்டர் அடுப்புக்கு அளவு. தட்டில் மூலைக்கு மூலை படுக்க வைத்தால் அடங்கும். ஒரு கிலோ மீன் என்றால் தலையை வெட்டித்தான் ஆக வேண்டும், அதற்குப் பேசாமல் குழம்பே வைக்கலாம்.

மசாலாவைப் பச்சையாக அரைத்து அப்ப வேண்டாம். சின்ன வெங்காயம் ஒரு கை, பூண்டு ஏழெட்டுப் பல், இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை; ஒரு தேக்கரண்டி மிளகும் அரைத் தேக்கரண்டி சீரகமும் தட்டியது. தேங்காயெண்ணெயில் வெங்காயம் சுருளும்வரை வதக்கி, ஒரு தக்காளியைப் போட்டுத் தண்ணீர் வற்றும்வரை விட வேண்டும். இலைக்குள் ஆவி வெளியேறாது என்பதால் பச்சை வெங்காயம் அங்கே வதங்காது, அவிந்து இனிக்கும்; தண்ணீர் வற்றாத மசாலா ரசமாகிவிடும். கூடலூரைத் தாண்டி லோயர் கேம்ப் வழியாக மலையேறிக் குமுளிக்குப் போனால் மீன் பொள்ளிச்சது என்று வாழை இலையில் சுருட்டித் தருவார்களே, அதன் மசாலாவும் இப்படி வதக்கியதுதான்.

ஏலக்காய் சேர்க்கலாமா? போடியில் ஏலம் போகிற ஊர்க்காரர்கள் எதிலும் அதைப் போட்டுப் பார்க்கத் துடிப்போம். மிளகோடு ஒரு காய் தட்டிப் போட்டால் வாசனை நன்றாகவே இருக்கிறது. இரண்டு போட்டால் பாயசம்.

எலுமிச்சைக்குப் பதிலாகப் பச்சைத் திராட்சைக் காய் நசுக்கிய சாற்றையும் பிழிந்து பார்த்தேன். 2023ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைதான். கறுப்பதற்கு முன்னால் அது நல்ல புளிப்பு. எலுமிச்சையின் கூர்மை இல்லாமல் மெல்லப் பரவும் புளிப்பு அது, வெள்ளை மீனுக்குப் பிரமாதமாகப் பொருந்துகிறது. ஆனால் பந்தல் திராட்சைக்கு மருந்து அடிக்காமல் இருப்பதில்லை, காய்ப் பருவத்தில் அடித்தது காயிலேயே இருக்கும். வீட்டு வாசலில் மருந்து படாத கொடி இருந்தால் செய்யுங்கள், தோட்டத்திலிருந்து பறித்து வந்து செய்யாதீர்கள்.

வெள்ளைச் சதை மீனை வெறுமனே அடுப்பில் வைக்க முடியாது. மத்தியில் எண்ணெய் இருக்கிறது, தாங்கும். ஜிலேபி, விளை, கொடுவா போன்றவற்றில் கொழுப்பு குறைவு. சதை 60 டிகிரியைத் தாண்டியதும் புரதம் சுருங்கித் தன் நீரைப் பிழிந்து வெளியே தள்ளும், வறண்ட காற்று அதை வாங்கிக்கொண்டு போகும். மிஞ்சுவது நார். இதற்குத்தான் இலை. மசாலா பூசிய மீனைத் தணலில் வாட்டிய வாழை இலையில் இரண்டு மடிப்பாகச் சுற்றி, நனைத்த வாழைநாரால் கட்டிவிட்டால், வெளியே 200 டிகிரி இருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும்வரை 100ஐத் தாண்டாது. ஃபாயில் காகிதமும் அந்த வேலையைச் செய்யும். ஆனால் உப்பும் புளிப்பும் பட்டால் அலுமினியம் அரிக்கும், இலையின் வாசனையும் வராது. சின்னமனூர்ப் பக்கம் வாழைத் தோட்டத்துக்கு நடுவில் குடியிருந்துகொண்டு ஃபாயில் வாங்குவது என்ன நியாயம்?

நேரத்துக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. மீனின் மிகத் தடித்த இடத்தில் ஓர் அங்குலத்துக்குப் பத்து நிமிடம், சுற்றி வைத்தால் ஐந்து நிமிடம் கூடுதல். கனடா மீன்வளத் துறை பரப்பிய கணக்கு இது, ஆனால் 230 டிகிரிக்குச் சொன்னது. நம் அடுப்பின் உண்மையான 180க்கு, ஒன்றரை அங்குலத் தடிமனுள்ள ஜிலேபிக்கு இருபத்தைந்து நிமிடம் சரியாக வந்தது. தலைக்குப் பின்னால் தடித்த இடத்தில் கத்தி முனையை விட்டுப் பாருங்கள். கண்ணாடிபோல் இருந்த சதை பால் நிறமாகி முள்ளை விட்டால் வெந்தாயிற்று. தெர்மாமீட்டர் ஊசி இருந்தால் 63 டிகிரி.

இங்கே நிறுத்தினால் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். இதுவரை ஓடிஜி செய்த வேலையை இட்லிக் கொப்பரை அதே இலையோடு பதினைந்து நிமிடத்தில் செய்திருக்கும். இலைக்குள் நடந்தது ஆவி வேக்காடுதான், சுடுதல் அல்ல. பக்கத்தில் வைத்து ருசி பார்த்தால் வித்தியாசம் சொல்வது கடினம்.

ஆறாயிரம் ரூபாய்க்கான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இலையைப் பிரித்து இருபக்கமும் ஒதுக்கி, மேலே ஒரு தேக்கரண்டி எண்ணெய் தடவி, தட்டை மேல் அடுக்குக்கு ஏற்றி, கீழ்க் கம்பியை அணைத்து மேல் கம்பியை மட்டும் முழுச் சூட்டில் விட வேண்டும். மேற்பரப்பு ஈரம் காய்ந்து 140 டிகிரியைத் தாண்டும்போதுதான் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து சிவக்கத் தொடங்கும். வெங்காயத்தின் ஓரம் கருகி, தோல் மொறுமொறுவென்று எழும்பி, அடியில் சதை ஈரமாகவே இருக்கும். நான்கைந்து நிமிடம், அவ்வளவுதான். கண்ணாடிக் கதவை விட்டு நகரக் கூடாது, ஆறாவது நிமிடத்தில் மிளகு கசக்கும். தோசைக்கல்லில் இலையோடு போட்டால் அடிப்பக்கம் சிவக்கும், ஆனால் திருப்பும்போது மீன் உடையும். இட்லிக் கொப்பரைக்குச் சிவக்க வைக்கும் வழியே கிடையாது. மேலிருந்து தணல் விழுகிற இந்த ஒரு வேலைக்கு வீட்டில் வேறு சாமான் இல்லை.

ஏர் ஃப்ரையர் வைத்திருப்பவர்கள் கேட்பார்கள். நான்கு லிட்டர் கூடைக்குள் முழு ஜிலேபி அடங்காது, துண்டு போட வேண்டும். அதன் விசிறிக் காற்று வெள்ளை மீனை இன்னும் வேகமாக உலர்த்தும். பாரம் இல்லாத இலை ஓரம் காற்றில் எழும்பிக் கம்பியைத் தொட்டுப் புகைந்துவிடும். மத்தியும் அயிலையும் என்றால் அதற்கே என் ஓட்டு. ஜிலேபிக்கு இல்லை.

குறைகள் உண்டு. நேரக் குமிழை ஐந்து நிமிடத்துக்கு நேராகத் திருப்பினால் ஸ்பிரிங் சரியாகப் பிடிப்பதில்லை. இருபது வரை கொண்டுபோய்த் திரும்ப ஐந்துக்கு இழுக்க வேண்டும். கடைசி ஐந்து நிமிடம்தான் உயிர் என்கிற சமையலுக்கு இது எரிச்சல், போனில் அலாரம் வைத்துக்கொள்வதே மேல். வெளித்தகடு கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும், சுவரிலிருந்து நான்கு விரற்கடையாவது தள்ளி வைக்க வேண்டும். வாடை அதைவிடப் பெரிய தொல்லை. கிண்ணத்தில் தண்ணீரும் எலுமிச்சைத் தோலும் வைத்துக் கால் மணி நேரம் சூடாக்கினால் முக்கால்வாசி போகும், மிச்சம் அடுத்த கேக்கில் வரும். இதே அடுப்பில் பிறந்தநாள் கேக்கும் செய்கிற வீட்டில் சண்டை நிச்சயம்.

ஏற்கெனவே பரணில் ஒன்று கிடந்தால் இறக்குங்கள், தயக்கமே வேண்டாம். மீனுக்காக மட்டும் புதிதாக வாங்குவதானால், வாரம் ஒருமுறையாவது மீன் எடுக்கிற வீடாகவும் சமையல்கட்டில் பவர் பிளக் இருக்கிற வீடாகவும் இருந்தால் வாங்கலாம். கடையில் லிட்டர் கணக்கையும் விசிறியையும் காட்டி விற்பார்கள். இரண்டாவது குமிழைத் திருப்பிப் பாருங்கள். மேல் கம்பியை மட்டும் தனியாக எரிய விடும் வசதி அதில் இல்லையென்றால் அந்த அடுப்பு மீனுக்கு ஆகாது. இட்லிக் கொப்பரையே போதும்.