பங்கீட்டரிசியும் வாக்குச்சீட்டும்

வயிற்றுக்கு வழிசெய்பவனுக்கே வறியவனின் வாக்கு என்பது அரசியல் உரையாடல்களிலே ஐயமின்றி ஏற்கப்பட்டுவரும் கருத்தாகும். இலங்கையின் தேர்தல் வரலாறும் முதற்பார்வையில் அதற்குச் சான்று பகர்கின்றது. 1953 இல் பங்கீட்டரிசியின் விலை கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஆகஸ்ட் 12 ஆம் திகதி ஹர்த்தால் மூண்டது. பிரதமர் டட்லி சேனநாயக்க சில வாரங்களிற் பதவி துறந்தார். அவரது பிந்திய அரசாங்கம் 1966 இல் வாராந்தப் பங்கீட்டை இரண்டு கொத்திலிருந்து ஒரு கொத்தாகக் குறைத்து இலவசமாக்கியது. இழந்த கொத்தை மீட்டுத் தருவதாக வாக்களித்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் கூட்டணி 1970 இற் பெருவெற்றி ஈட்டியது.

ஆயின், யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு இவ்வளவுகோல் பொருந்துவதில்லை. அக்கூட்டணி ஆட்சியின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் செத்தல் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை பெற்றன. தோட்டச் செய்கையாளர் தலைநிமிர்ந்தனர். இது நிவாரணம் அன்றெனினும் அரசாங்கக் கொள்கை தந்த நன்மையே. நன்றிக்கடன் வாக்கைத் தீர்மானிப்பதாயின் 1977 இல் அது வெளிப்பட்டிருத்தல் வேண்டும். மாறாக, வடமாகாணத்தின் 14 தொகுதிகளும் தமிழர் விடுதலைக் கூட்டணியையே சார்ந்தன. தோட்டத்து வருவாயைப் பெருக்கிய அதே ஆட்சி, தரப்படுத்தலினால் தோட்டக்காரனின் பிள்ளைக்குப் பல்கலைக்கழக வாயிலைக் குறுக்கியிருந்தது. போருக்குப் பின்னரும், வீதிகளும் மின்சாரமும் ஆளுங்கட்சியின் சாதனைகளாக முன்வைக்கப்பட்ட 2013 மாகாணசபைத் தேர்தலில், 38 ஆசனங்களுள் 30 ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பே பெற்றது.

இதனைக் கொண்டு குடாநாட்டு வாக்காளர் சலுகைக்கு மயங்காதவர் எனப் பெருமை பேசுவதும் பிழையாகும். நிவாரணம் எவ்வடிவில் வழங்கப்படுகின்றது என்பதே இங்கு நோக்கற்பாலது. பங்கீட்டுப் புத்தகம் பெரும்பாலும் எல்லோர் வீட்டிலும் இருந்தது. ஆகவே அது எவரையும் எவர்க்கும் கடமைப்படுத்தவில்லை. 1979 இன் உணவு முத்திரை, 1989 இன் ஜனசவிய, 1995 இன் சமுர்த்தி ஆகியன தெரிவுசெய்யப்பட்டோர்க்கு உரியனவாயின. தெரிவு வந்தவிடத்துப் பட்டியல் வந்தது. பட்டியலோடு பட்டியல் எழுதுவோனின் அதிகாரமும் வந்தது.

வாக்குச்சீட்டு இரகசியமானது, பட்டியலோ இரகசியமானதன்று. போரிற் கணவனை இழந்து தனித்துக் குடும்பம் நடத்தும் பெண்ணொருத்தியின் வாக்கை எவரும் விலைக்கு வாங்கவேண்டியதில்லை. பெயர் வெட்டப்படும் என்ற அச்சம் ஒன்றே அவள் மனுவிற் கையொப்பமிடாதிருக்கவும், கூட்டத்தில் வாய்திறவாதிருக்கவும் போதுமானது. தேர்தல் முடிவுகளை மட்டும் எண்ணுவோர் இம்மௌனத்தைக் காண்பதில்லை. நிவாரணச் சார்பு வாக்கை மாற்றுவதிலும் பார்க்க, வாக்குக்கு முந்திய பேச்சையே கூடுதலாக அடக்குகின்றது.

எனவே நிவாரணத்தைக் குறைத்தால் வாக்காளன் சுதந்திரமடைவான் என்போர் நோயை விடுத்து நோயாளியைத் தண்டிக்கின்றனர். 2023 இல் அஸ்வெசும பட்டியல்கள் வெளியிடப்பட்டு, மேன்முறையீட்டுக்கும் ஆட்சேபத்துக்கும் இடமளிக்கப்பட்டமை, குறைகள் பல இருப்பினும், சரியான திசையிலான ஓரடியாகும். நிவாரணம் சட்டத்தால் உறுதிப்படும் உரிமையாகும்போதே, அதனைப் பெறுபவர் தருபவரைக் கேள்வி கேட்கும் குடிமகனாகவும் நிலைத்தல் இயலும்.