கோல் உயரும் நொடி

பழைய பியானோவைத் தானே வாசிக்கும் கருவியாக மாற்றுகிறவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, முன்பலகையை மூடி வைப்பதா கழற்றிவிடுவதா என்பதைத்தான். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு மின்காந்தச் சுருள். மின்சாரம் பாய்ந்ததும் அது கட்டையின் பின்முனையை மேலே தள்ளுகிறது. பலகை மூடியிருந்தால் கட்டைகள் தாமாக அமிழ்வது மாயவித்தை போலிருக்கும், இரண்டு பாட்டில் வியப்பும் தீர்ந்துவிடும். கழற்றிவிட்டால் கம்பளி போர்த்திய சுத்தியல் எகிறுவதும், கம்பியைத் தொட்ட கணமே பின்வாங்குவதும் தெரியும். தானியங்கிக் கருவியில் பொறி தெரிவது வெறும் அலங்காரமில்லை, ரசனையில் பாதி அங்கேதான் இருக்கிறது என்பேன். இதற்குச் சான்று தமிழர் கையிலேயே உண்டு: தமிழ்நாட்டுக் கோயில்களில் பரவி, மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கு வரை வந்துவிட்ட மின்சார மேளம்.

அந்த மேளத்தில் இரும்புச் சட்டத்தின் அடியில் மோட்டார். அதன் வேகத்தைப் பட்டை ஒன்று பெரிய சக்கரத்துக்குக் கடத்திக் குறைக்கிறது. சக்கரத்தின் அச்சில் துருத்தி நிற்கும் முனைகள் கோல்களின் வாலை அழுத்த, தலை உயர்கிறது. முனை நழுவியதும் கோல் முரசில் விழுகிறது. மணியும் தாளமும் அதே அச்சில்தான் அசைகின்றன. முனைகள் எந்தக் கோணத்தில் நிற்கின்றனவோ அதுவே தாளக்கட்டு. காற்றால் இயங்கும் தானியங்கிப் பியானோவான பியானோலாவிலும் பாட்டு காகிதச் சுருளில் துளைகளாகக் கண்முன்னே ஓடும். ஆனால் அதைப் படிக்கும் காற்று கண்ணுக்குத் தெரியாது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கைப்பற்றப்பட்டு இன்று லண்டனில் இருக்கும் திப்பு சுல்தானின் இசைப்பொறியான மரப்புலியோ, துருத்தியையும் குழல்களையும் மர வயிற்றுக்குள் ஒளித்து வைத்திருக்கிறது. மின்சார மேளத்தில் அடி விழுமுன் கோல் உயர்வதைக் கண் பார்த்துவிடுகிறது. காது அதற்காகக் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பு ஒலிபெருக்கியில் ஓடும் பதிவில் கிடையாது.

தவில்காரரின் இடத்தை இந்த மேளம் பறிக்கிறதே என்பார்கள். நியாயமான மனக்குறை. குருக்களின் கை தீபத்தோடு உயர்வதைப் பார்த்து அடியை நெருக்கும் அறிவு எந்த அச்சுக்கும் வராது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உள்ள டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற கலைப்பள்ளிகளில் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் பழகுவதும், தாள எண்ணிக்கையோடு சேர்த்து, அந்தக் கவனத்தைத்தான். திருவிழாவுக்குத் தவில்தான் வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் ஆளில்லாத அன்றாடப் பூசையில், தன்னை மனிதனென்று காட்டிக்கொள்ளாத பொறி பதிவு செய்த தவிலைவிட நேர்மையானது. பியானோவுக்கும் இதே அளவுகோல்தான். கிள்ளானின் ஈரக்காற்றில் மரம் உப்பி, சுருதி நிற்காத பியானோவை எந்தக் காந்தமும் காப்பாற்றாது. அதைத் திறந்து காட்டினால் குறையும் சேர்ந்தே தெரியும். தெரியட்டும். தீபாராதனை முடிந்து சுவிட்சை அணைத்தபின் மேளத்தின் சக்கரம் உடனே நிற்பதில்லை. அடிகளுக்கிடையே இடைவெளி நீள்கிறது, ஒவ்வொரு முனையும் தன் கோலைத் தேடிப் போவது தனித்தனியாகத் தெரிகிறது, கடைசிக் கோல் பாதி உயர்ந்து விழாமலே நின்றுவிடுகிறது.