ஆறாம் வகுப்பின் முதல் மாதம்

கீஜுபாய் பதேகாவின் 'பகல் கனவு' நூலைக் கொண்டாடும் உபாத்தியாயர்கள் பலர். நானும் கொண்டாடுகிறேன். நாலாம் வகுப்பை ஓராண்டுக்கு ஏற்று, கதையும் விளையாட்டுமாகப் பிள்ளைகளைப் படிக்கவைக்கிற லட்சுமிராம் அருமையான பாத்திரம். ஆனால் வருஷம் முடிந்ததும் கதையும் முடிந்துவிடுகிறது. அப்புறம் அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

பழவேற்காட்டு ஏரிக் குப்பங்களை நினைத்துக்கொண்டு படித்தால் இதுதான் உறுத்துகிறது. அங்கே 'பாடு' என்று ஒன்று உண்டு. ஏரியில் யார், என்றைக்கு, எங்கே வலை போடலாம் என்பதை முறைவைத்து ஊரே பங்கிட்டுக்கொள்ளும். அதைப் பார்த்து வளர்ந்த பையனுக்குப் பின்னக் கணக்கு ஏறாது என்றால் நம்பலாமா? லட்சுமிராமாக இருந்தால் பாட்டிலிருந்தே வகுத்தலைத் தொடங்கியிருப்பார்.

ஆறாம் வகுப்பில் பாடத்துக்கொரு வாத்தியார். எழுத்துக்கூட்டி வாசிக்கிறவனை, 'இவன் என் பையன்' என்று சொல்ல ஆள் இல்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தையொட்டி வந்த மாதிரி விதிகள், ஐந்தாம் வகுப்புவரை ஒரு கிலோமீட்டர், எட்டாம் வகுப்புவரை மூன்று கிலோமீட்டர் என்று அளந்தன. நடுவே தண்ணீர் கிடந்தால்? (விதி எழுதுகிறவர்கள் ஓடம் ஏறுவதில்லை போலும்.) 2021-இல் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியபோது, எட்டாம் வகுப்புவரை மாலையில் வீட்டருகே தன்னார்வலர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். லட்சுமிராமுக்கு அவர்களே வாரிசு.

கதாசிரியனான எனக்கு வேண்டியதோ அந்த ஆறாம் வகுப்பின் முதல் மாதம். கீஜுபாய் அந்த வாசலில் நின்றுவிட்டார்.