மைக்ரோசாட்டிலைட் தரவுகளில் சடுதிமாற்ற மாதிரித் தேர்வு: மென்பொருளின் முன்னிருப்பு மதிப்புகள் குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

சில காரங்களே கொண்ட சிறுகூறு அடுத்தடுத்து மீள வரும் டி.என்.ஏ. பகுதி மைக்ரோசாட்டிலைட் எனப்படும். இனக்கூட்ட மரபியலில் இத்தரவு பெரிதும் பயன்படுகிறது. ஆயினும், அப்பகுதியில் சடுதிமாற்றம் நிகழும் முறை யாதென ஆய்வாளர் கருதினார் என்பதைப் பல ஆய்வுகள் விளக்குவதில்லை. மென்பொருளின் முன்னிருப்பு மதிப்புகளை ஏற்றதாகக் கூறி அமைகின்றன. அவ்வாறு அமைவது போதுமானதன்று என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

மாதிரிகளும் அளவு வேறுபாடும்

கிமுராவும் குரோவும் 1964இல் முன்வைத்த முடிவிலா அல்லீல் மாதிரியில் ஒவ்வொரு சடுதிமாற்றமும் முன்பில்லாத அல்லீலை உருவாக்கும். ஓட்டாவும் கிமுராவும் 1973இல் அளித்த படிநிலை மாதிரியில் அல்லீலின் நீளம் ஒரு கூறு கூடும் அல்லது குறையும். ஆதலால் ஒரே நீளம் பலமுறை தோன்றக்கூடும். டி ரியன்சோ குழுவினர் 1994இல் முன்மொழிந்த இருகட்ட மாதிரி, ஒருபடி மாற்றங்களோடு ஒரு பங்கு பலபடி மாற்றங்களையும் ஏற்கிறது.

இவ்வேறுபாடு கோட்பாட்டளவில் நின்றுவிடுவதன்று. வேற்றுக்கருநிலை 0.75 எனக் கொள்வோம். பயனுறு இனக்கூட்ட அளவையும் சடுதிமாற்ற வீதத்தையும் பெருக்கி நான்கு மடங்காக்கிய தீட்டாவின் மதிப்பு, முடிவிலா அல்லீல் மாதிரியில் 3. படிநிலை மாதிரியில் 7.5. வீதம் தலைமுறைக்கு 0.0005 எனின், பயனுறு அளவு முன்னதில் 1,500, பின்னதில் 3,750. தரவு ஒன்றே, விடை இரண்டரை மடங்கு வேறுபடுகிறது.

குறுக்கச் சோதனையில் எழும் சிக்கல்

இனக்கூட்டம் திடீரெனச் சுருங்கும்போது அரிய அல்லீல்கள் முதலில் மறைகின்றன; வேற்றுக்கருநிலை மெல்லவே குறைகிறது. எனவே எஞ்சிய அல்லீல் எண்ணிக்கைக்கு எதிர்பார்க்கத்தக்க அளவினும் வேற்றுக்கருநிலை மிகுந்து காணப்படும். கார்னுவேயும் லூய்கார்ட்டும் 1996இல் வகுத்த சோதனைக்கும், 1999இல் வெளிவந்த 'பாட்டில்நெக்' மென்பொருளுக்கும் இதுவே அடிப்படை. எதிர்பார்க்கத்தக்க அளவைத் தீர்மானிப்பதோ மாதிரியே. முடிவிலா அல்லீல் மாதிரியில் அது தாழ்ந்திருப்பதால் குறுக்கம் எளிதில் தென்படும். படிநிலை மாதிரியில் உயர்ந்திருப்பதால் மறையும்.

அம்மென்பொருளின் முன்னிருப்பில் ஒருபடி மாற்றங்களின் பங்கு 70 விழுக்காடு; அதனை உருவாக்கியோர் மைக்ரோசாட்டிலைட்டுகளுக்குப் பரிந்துரைத்ததோ 95 விழுக்காடு. பீரி குழுவினரின் 2012ஆம் ஆண்டு மதிப்பாய்வு, முதுகெலும்பிகளில் பலபடி மாற்றங்களின் பங்கைச் சராசரியாக 0.22 எனக் காட்டியது. இது மேற்கூறிய 0.30, 0.05 ஆகிய இரண்டிற்கும் இடைப்பட்டது. ஆகவே இரண்டில் எதனையும் காரணம் கூறாது ஏற்றல் தகாது.

கார்ஸாவும் வில்லியம்சனும் 2001இல் அளித்த விகிதச் சோதனையைத் துணைச்சான்றாகச் சேர்ப்பதாலும் இக்குறை நீங்காது. அது அல்லீல் நீள வரிசையிலுள்ள இடைவெளிகளைக் குறுக்கத்தின் தடயமாகக் கொள்கிறது. பலபடி மாற்றமும் அத்தகைய இடைவெளிகளை உண்டாக்கும். பலபடி மாற்றப் பங்கைக் குறைத்துக் கொண்டால் இச்சோதனை இல்லாத குறுக்கத்தைக் காட்டும். மிகுத்துக் கொண்டால் முந்தைய சோதனை அதே பிழையைச் செய்யும். ஒரே பிழை இரு சோதனைகளையும் எதிரெதிர்த் திசைகளில் இழுப்பதால், அவற்றின் முரண்பாட்டை உயிரியல் நிகழ்வாக விளக்க முற்படுவது ஆபத்தானது.

மூன்று மாதிரிகளின் முடிவுகளையும் அட்டவணையில் அளித்து, முக்கியத்துவம் பெற்ற ஒன்றை மட்டும் விவாதிக்கும் வழக்கமும் கண்டிக்கத்தக்கது. அது மாதிரித் தேர்வன்று, முடிவுத் தேர்வு.

முடிவுரை

மாதிரியையும் அதன் மதிப்புகளையும் பகுப்பாய்வுக்கு முன்னரே காரணத்துடன் வரையறுத்தல் வேண்டும். பலபடி மாற்றப் பங்கை 0.05 முதல் 0.30 வரை மாற்றி, முடிவு நிலைக்கிறதா எனக் காட்டல் வேண்டும். தெரிந்தெடுத்த அல்லீல்களின் வரிசையை அறிந்து, நீள வேறுபாடு மீள்கூறுகளால்தான் நேர்ந்ததா எனச் சரிபார்த்தல் நன்று. அருகிவரும் உயிரினங்களை இடம்பெயர்ப்பதும் காப்பதும் இத்தகைய முடிவுகளைச் சார்ந்து தீர்மானிக்கப்படுகையில், மென்பொருளில் மாற்றாது விடப்பட்ட ஓர் எண்ணும் ஆய்வாளரின் கூற்றாகவே கருதப்படும்.