பழம்படைப்பும் மூலபாடமும்: ‘ஸ்டார் ட்ரெக்’ ஒரு மீள்நோக்கு

ஒரு நூலை இளமையிற் கற்பதும் நடுவயதில் மீளக் கற்பதும் ஒன்றல்ல. இளமையிலே கதை நம்மை இழுத்துச் செல்லும். பின்னாளிலே நாம் கதையை இடையிடையே நிறுத்தி வினாவெழுப்புவோம். ஏட்டில் எழுதப்பட்டவற்றுக்கேயன்றித் திரையிற் காணும் படைப்புக்களுக்கும் இது பொருந்தும். கெலிஓயாவிலே பள்ளி மாணவனாக இருந்தபோது வாடகை ஒளிநாடாக்களில் ஒழுங்கின்றிக் கண்ட ‘ஸ்டார் ட்ரெக்’ என்னும் விஞ்ஞானப் புனைகதைத் தொடரை, அண்மையில் புளூ-ரே இறுவட்டுக்களில் முதலிலிருந்து முறையாகக் கண்டேன். அப்போது எழுந்த ஐயம் தமிழ் கற்பிப்பார்க்குப் புதியதன்று. ஆதலின் அதனை ஈண்டு ஆராயத் துணிந்தேன்.

ஜீன் ரொடன்பெரி படைத்த இத்தொடர் ஐக்கிய அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 1966 செப்டெம்பர் 8 முதல் 1969 ஜூன் 3 வரை மூன்று பருவங்களாக ஒளிபரப்பாயிற்று, அங்கங்கள் 79. ‘என்டர்பிரைஸ்’ என்னும் விண்கலத்தின் தலைவன் கேர்க்கும், உணர்ச்சியை அடக்கி அறிவின்வழி ஒழுகும் ஸ்பொக்கும், இரக்கம் மிகுந்த வைத்தியர் மக்கோயும் அண்டவெளியிற் செல்லும் பயணமே கதை. பொருள்முட்டுப்பாடு இத்தொடருடன் பிறந்தது. வாரந்தோறும் கலம் கோளில் இறங்குவதாகக் காட்டினாற் செலவு மிகும் என்பதனாலேயே, மாந்தரை ஒளிவடிவாக்கி அனுப்பும் கருவி கற்பிக்கப்பட்டது. பின்னர் அக்கருவியே தொடரின் அடையாளமாயிற்று. பெருங்கலமாக நாம் காண்பதும் ஏறத்தாழ 11 அடி நீளமுள்ள ஒரு மாதிரியுருவே.

2006ஆம் ஆண்டில் இத்தொடரின் படச்சுருள்கள் தூய்மைசெய்யப்பட்டன. அது நற்பணி. அத்துடன் அமையாது, மாதிரியுருவைக் கொண்டு எடுத்த விண்வெளிக் காட்சிகளை நீக்கி, கணினியால் ஆக்கிய புதிய காட்சிகளை அவற்றினிடத்தே பொருத்தினர். புதியவை கண்ணுக்கு இனியவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவை 1966ஆம் ஆண்டுக் கலைஞர் கண்ட அண்டம் அல்ல. இடைச்செருகலாவது பழைய பாடத்தை விட்டுவைக்கும். இது பழையதை அகற்றிவிட்டே உட்புகுகின்றது. எனவே மூலபாடம் யாது என்னும் வினா எழுகின்றது.

சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் 1887ஆம் ஆண்டிலே பதிப்பித்தனர். சிதைந்த ஏடுகளில் தம் புலமையால் இனிய சொற்களை இட்டு நிரப்புதல் அவர்க்கு அரிதன்று. ஆயினும் பிரதிகளைத் தேடி ஒப்புநோக்குதலையே பதிப்பாசிரியர் கடனாகக் கொண்டனர். இந்நெறியை வைத்து நோக்கின், 2009இல் வெளிவந்த புளூ-ரே பதிப்புப் பாராட்டத்தக்கது. பழைய காட்சி, புதிய காட்சி என்னும் இரண்டையும் அது தருகின்றது. காண்போர் தாம் வேண்டியதைத் தெரிந்துகொள்ளலாம். பாடபேதம் காட்டும் பதிப்பு என்று அதனைக் கூறுதல் தகும்.

இத்தொடருக்கு ஏடுதேடிய வரலாறும் உண்டு. ‘கூண்டு’ எனப் பொருள்படும் தலைப்புடைய முதல் மாதிரி அங்கத்தை நிறுவனம் ஏற்கவில்லை. அதன் பகுதிகள் 1966 நவம்பரில் வந்த ஈரங்கக் கதையொன்றினுள் பொதியப்பட்டன. 1986இல் வந்த ஒளிநாடாவில் அப்பகுதிகள் வண்ணத்திலும் எஞ்சியவை கறுப்பு வெள்ளையிலும் இருந்தன. முழுமையும் வண்ணத்தில் ஒளிபரப்பானது 1988இலேயாம். குண்டலகேசிச் செய்யுட்களைப் பிறநூல்களிலிருந்து திரட்டிக் கற்போர்க்கு இந்நிலை நன்கு விளங்கும்.

இனி, இவ்வாறு காக்கப்படுவதிற் காக்கத்தக்கது யாது எனின், ஓர் அங்கத்தைச் சான்றாகக் காட்டுவேன். ‘அதுவே உன் இறுதிப் போர்க்களமாகுக’ எனப் பொருள்படும் தலைப்புடைய அது 1969 ஜனவரி 10ஆம் நாள் ஒளிபரப்பானது. கெரோன் என்னும் கோளைச் சேர்ந்த பீல், லோக்காய் என்னும் இருவர் கலத்துள் வருகின்றனர். இருவர் உடலும் ஒருபாதி கறுப்பு, ஒருபாதி வெள்ளை. ஒருவனுக்கு வலப்பக்கம் கறுப்பு. மற்றவனுக்கு இடப்பக்கம் கறுப்பு. இவ்வேறுபாடு கேர்க்கின் கண்ணிற் படவேயில்லை. அவ்விருவர்க்கோ அதுவே தீராப்பகை. ஈற்றில், கெரோனில் ஒருயிரும் எஞ்சவில்லை, பகைமையே அனைவரையும் அழித்தது என்று அறிகின்றனர். அறிந்த பின்னும் பகை தணியாது, ஒருவனை ஒருவன் துரத்தியவாறே அப்பாழ்நிலத்தை அடைகின்றனர்.

குறைகளை மறைத்தல் திறனாய்வாகாது. இவ்வங்கம் தன் கருத்தை வேண்டுமளவுக்கு மேல் உரத்துக் கூறுகின்றது. தொடர் முழுவதிலும் பெண்பாத்திரங்களுக்கு இடம் குறைவு. ஊஹுரா என்னும் ஆற்றல்மிக்க அலுவலர் பெரும்பாலும் செய்தித்தொடர்பு மேசையிலேயே அமர்ந்திருக்கின்றார். மாணவர் சிலருடன் இதனைக் கண்டபோது, அட்டையாலானவை போன்ற பாறைகளைப் பார்த்து அவர்கள் நகைத்தனர். கெரோன் கதை முடிந்தபோது ஒருவரும் நகைக்கவில்லை. “சேர், அவர்களுக்கு அந்த வித்தியாசத்தை யார் சொல்லிக்கொடுத்தது?” என ஒரு மாணவி வினவினாள். அவ்வினாவை எழுப்பியது கணினிக் காட்சியன்று; முகத்திற் பூசிய இருநிற மைதான்.

அவ்வினாவுக்கு விடைகூறும் கடன் நம் நாட்டு ஆசிரியர்க்கு உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஏட்டுச்சுவடிகளும் அவற்றுள் இருந்தன. கட்டடம் மீள எழுந்தது. ஆயின் எரிந்த ஏட்டை எந்தக் கணினியும் மீட்டுத் தராது. ஆதலின், எஞ்சியுள்ள மூலத்தை உள்ளவாறே பேணுதல் பழமைப்பற்று மாத்திரமன்று. முன்னோர் எதனைக் கண்டனர், எங்கே தவறினர் என்பதைப் பின்வருவோர் தாமே தேர்ந்தறிய விடும் நேர்மையும் அதுவேயாம். மாணவர் பழம்படைப்புக்களைக் காணும்போது முதலில் மூலத்தைக் காண்க; புதுக்கியதைப் பின்னர்க் காண்க.